முகத்துக்கு ஒரு நாள்

அந்த வெள்ளிக்கிழமை காலையில் புது ஆலயத்துக்குள் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: சாரத்தின் மேல்தட்டில் கையில் கரணையோடு பூச்சுக்காரி; அதே தட்டில், அவளுக்கு முதுகைக் காட்டி முழங்காலில் நின்றிருந்த அவள் புருஷன், ஓவியன்; கீழே முதல் பெஞ்சில் தலைக்கு முக்காடு போட்டுக் கண்ணை மூடியிருந்த ஓவியனின் அக்கா; வாசல் பக்கம் ஏணியில் ஏறி ஒலிபெருக்கிப் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மைக்செட்காரர். ஆண்டவரும் இருந்தார் என்று அக்கா சொல்வாள். இருந்திருக்கலாம். சுவரில் அவர் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. அதுதான் பிரச்சினை.

ஆண்டவர் தம் சீடர்களின் காலைக் கழுவுகிற காட்சி அது. மற்ற எல்லோரும் வந்துவிட்டார்கள். பன்னிரண்டு சீடர்களும் நீளப் பலகையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தன் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். இன்னொருத்தன் தன் முறை வருவதற்குள் கால் அழுக்கை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று பாதத்தைப் பலகைக்கு அடியில் இழுத்துக்கொண்டிருந்தான். நடுவில் கிழட்டு மீனவர் வெடித்த குதிகாலைத் தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேலே நீட்டியிருந்தார். அந்தக் குதிகாலை இரண்டு கைகள் தாங்கிப் பிடித்திருந்தன. கைகளுக்குத் தோள் இருந்தது, இடுப்பில் கட்டிய துண்டு இருந்தது. கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. ஒரு முறம் அகலத்துக்கு ஈரச் சுண்ணாம்பு மட்டும் வெள்ளையாக இருந்தது.

அது ஈரச் சுண்ணாம்பில் வரைகிற வேலை. காலையில் அவள் பூசுவாள். விரல் வைத்தால் ஒட்டாமல், ஆனால் பதிகிற பதத்துக்கு அது இறுகியதும், தண்ணீரில் குழைத்த வண்ணத்தை அவன் வைக்கத் தொடங்க வேண்டும். காயும்போது சுண்ணாம்பு வண்ணத்தைத் தனக்குள் இழுத்துப் பிடித்துக்கொண்டு கல்லாகிவிடும்; அப்புறம் தேய்த்துக் கழுவினாலும் போகாது. ஈரம் போன பிறகு வைத்த வண்ணத்தைப் பிள்ளைகள் விரலால் துடைத்துவிடலாம். ஆக, கையில் இருப்பது ஆறு மணி நேரம். வறண்ட காற்று அடித்தால் ஐந்துகூடத் தேறாது. அதனால் ஒரே நாளில் எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவு துண்டுதான் பூசுவார்கள். அந்தத் துண்டுக்கு இவர்கள் இரண்டு பேரும் தங்களுக்குள் வைத்துக்கொண்ட பேர் 'நாள்'. "இன்னிக்கு நாள் பெருசா வேணுமா, சின்னதா போதுமா?" என்று அவள் விடிந்ததும் கேட்பாள். சுவரில் அப்படி இருபத்தாறு நாள் ஒட்டியிருந்தது. மூன்று நாளை அவளே உளியால் கொத்தி உடைத்து வாளியில் அள்ளிக் கொட்டியிருந்தாள். மூன்றும் முகத்துக்குப் பூசியவை.

செவ்வாய்க்கிழமை பூசினாள். அவன் ஜெபம் பண்ணிக்கொண்டு முழங்காலில் நின்றான். காய்ந்துபோனது. புதன்கிழமையும் பூசினாள், காய்ந்துபோனது. வியாழக்கிழமை அவன் எழுந்து பிரஷ்ஷை நனைத்துக் கையில் எடுத்தான். எடுத்து, அரை மணி நேரம் சுவரைப் பார்த்துவிட்டு மறுபடியும் முழங்காலுக்குப் போய்விட்டான். அன்றைக்குக் கொத்தும்போது உளி சறுக்கி, முடிந்திருந்த தோளில் ஒரு சில்லு பெயர்ந்தது. அவள் சில்லை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

இன்றைக்குப் பூசியது சுண்ணாம்பு ஊறவைத்த ட்ரம்மின் அடியில் இருந்து கையை விட்டு வழித்தெடுத்தது. பத்து மாதம் தண்ணீருக்குள் கிடந்து வெண்ணெய் மாதிரி ஆன சுண்ணாம்பு. அதோடு ட்ரம் காலி. புதுச் சுண்ணாம்பு வாங்கிப் பூசினால் வெடிக்கும், வண்ணத்தையும் தின்றுவிடும். நாளைக்குச் சாரக்காரர்கள் வந்து கம்புகளைப் பிரித்துக்கொண்டு போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆலயப் பிரதிஷ்டை. முகம் இல்லாமல் போனால் பாஸ்டர் ஒரு வழி யோசித்து வைத்திருந்தார். அந்த வழியைக் கேட்டதில் இருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அவனைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. மீனவரின் பாத்திரத்தில் இருந்த தண்ணீரை ஆறு மணி நேரமும் உட்காராமல் வரைந்தவன் அவன். அவள் ரொட்டியைப் பிய்த்து டீயில் நனைத்து வாயில் ஊட்டினாள். அவன் மென்றானா விழுங்கினானா என்பதுகூட அவனுக்குத் தெரிந்திருக்காது. கல்யாணத்துக்கு முன்னால் கடைப் பலகை எழுதிக்கொண்டிருந்தான். அப்போதும் பலகைக்கு முன்னால் ஒரு நிமிஷம் கண்ணை மூடுவான். சலூன் பலகையாக இருந்தாலும் சரி, டயர் கடையாக இருந்தாலும் சரி. சாரக்காரர்கள் அவனுக்கு 'முழங்கால்' என்று பேர் வைத்திருந்தார்கள். "முழங்கால் வந்துட்டாரா?" என்பார்கள். அவனுக்குக் கோபம் வராது. கிண்டலாகச் சொல்கிறார்கள் என்பதே புரியாது.

அவளும் ஜெபம் பண்ணுகிறவள்தான். சாந்து குழைக்கும்போது பண்ணுவாள். 'ஆண்டவரே, கட்டி பிடிக்காம பார்த்துக்கோங்க' என்பதோடு முடிந்துவிடும். மீதியைக் கை பார்த்துக்கொள்ளும்.

விரலை வைத்துப் பார்த்தாள். பதிந்தது. மணி எட்டே கால். வெளியே சூடான காற்று ஜன்னல் கண்ணாடிகளை உலுக்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் இடுக்குகளில் எல்லாம் ஈரச் சாக்கைச் செருகியிருந்தாள்.

"ஏங்க," என்றாள். "பதம் வந்திருச்சு."

அவன் திரும்பவில்லை.

"ஏங்க, உங்களைத்தான்."

கீழே இருந்து அக்கா கண்ணைத் திறக்காமலே, "அவசரப்படுத்தாதே. தம்பி காத்திருக்கான்," என்றாள்.

"சுண்ணாம்பு காத்திருக்காது அண்ணி."

"ஆண்டவர் காட்டாம அவருடைய முகத்தை மனுஷன் வரையலாமா? நீயே சொல்லு."

"பன்னெண்டு பேரை வரைஞ்சப்போ யாரு காட்டினா? அந்த மூணாவது ஆளு, தாடி வச்சவரு, நம்ம பால்காரர். அது எனக்கும் தெரியும், பால்காரருக்கும் தெரியும்."

ஏணியில் இருந்து மைக்செட்காரர் சிரித்தார். சிரித்தது ஒலிபெருக்கியில் கேட்டது. மைக்கை அணைக்காமல் சட்டைப்பையில் சொருகியிருந்தார்.

"ஐயோ, மன்னிச்சுக்கோங்க," என்று அதுவும் ஒலிபெருக்கியிலேயே சொன்னார். பிறகு இறங்கி வந்து மைக்கைச் சாரத்துக்குப் பக்கத்தில் இருந்த நிலைக்கம்பியில் மாட்டிவிட்டு, வயரைத் தேடிப் போனார்.

அவள், புருஷன் பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்தாள். அவன் கண் திறந்தேதான் இருந்தது. நெற்றியில் வேர்வை. பலகையில் அழுந்தி அழுந்தி அவன் முழங்கால் இரண்டிலும் பேன்ட் வெளுத்துப்போயிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குத் திட்ட வந்த வாய் கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் திட்டினாள்.

"உண்மையைச் சொல்லுங்க. ஜெபமா பண்றீங்க?"

அவன் சுவரைப் பார்த்தான்.

"பயந்துபோய் உட்கார்ந்திருக்கீங்க. அதுக்கு ஜெபம்னு பேரு வச்சிருக்கீங்க. நாலு நாளா பார்க்கிறேன்."

"ஆமா," என்றான் மெதுவாக. "பயம்தான்."

அவன் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அடுத்துச் சொல்லத் தயாராக வைத்திருந்தது வீணாய்ப் போயிற்று.

"என்ன பயம்?"

"ஞாயித்துக்கிழமை யாராவது ஒருத்தி வந்து உட்காருவா. புருஷன் போனவளோ, பிள்ளையைப் பறிகொடுத்தவளோ. ஒண்ணும் புரியாம நிமிர்ந்து பார்ப்பா. அங்கே காலண்டர்ல வர்ற முகம் மாதிரி ஒண்ணு இருந்தா? அழகா, எண்ணெய் தடவின மாதிரி. எனக்கு அதுதான் வருது. கண்ணை மூடினாலும் அதுதான் வருது. எத்தனை தடவை கேட்டுட்டேன், வேற முகம் குடுங்கன்னு."

"காலண்டர் முகமே இருக்கட்டுமே. ஒண்ணும் இல்லாம இருக்கிறதுக்கு..."

"இல்லை," என்றான். அவனுக்கு அபூர்வமாக வரும் குரல் அது. "பொய்யா ஒண்ணு வரையறதுக்கு அந்த இடம் வெள்ளையாவே கிடக்கட்டும்."

"கிடக்காதுங்க. அங்கே ஃபிளெக்ஸ் வரப் போகுது."

அவன் அவளைப் பார்த்தான்.

"பாஸ்டர் ஐயா நேத்து அண்ணிகிட்ட சொன்னாரு. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள முகம் இல்லைன்னா, எங்கேயோ ஒரு படத்துல இருந்து முகத்தை எடுத்து ஃபிளெக்ஸ்ல அடிச்சு, வெட்டி, பசை தடவி ஒட்டிடலாம்னு. உங்க கையி, உங்க தோளு, உங்க துண்டு. மேலே பளபளன்னு ஒரு தலை."

காற்று ஒரு ஜன்னல் சாக்கைப் பிடுங்கிப் போட்டது. அவள் எழுந்து போய்த் தண்ணீர் தெளித்து மறுபடியும் செருகிவிட்டு வந்தாள். வந்து விரலை வைத்துப் பார்த்தாள். இன்னும் பதிந்தது, ஆனால் முன்னைப்போல் ஆழமாக இல்லை.

ஒன்பதே முக்காலுக்குப் பாஸ்டர் வந்தார். நல்ல மனுஷர். ஆலயம் கட்ட மணல் சுமந்தவர். தோளில் இன்னும் தழும்பு இருக்கிறது. வந்ததும் சட்டைக் காலரைப் பின்னால் தள்ளி, "என்ன புழுக்கம்! ஃபேனைப் போடுங்களேன்," என்றார்.

"போடாதீங்க!" என்று மேலே இருந்து அவள் கத்திய கத்தலில் அக்காவின் முக்காடு நழுவியது.

"ஏம்மா?"

"காத்துபட்டா காஞ்சிரும் ஐயா. உங்களுக்கு வேணும்னா நான் வந்து விசிறிவிடறேன்."

பாஸ்டர் சிரித்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். வெள்ளை இடத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிற்று. "தம்பி, இன்னும் ஆரம்பிக்கலையா?"

"இல்லைங்க ஐயா."

"மனசைத் தளரவிடாதீங்க. நான் எதுக்கும் ஃபிளெக்ஸ்காரர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். நல்ல கிளாரிட்டியா வரும்னு சொல்றாரு. யாருக்கும் வித்தியாசம் தெரியாது."

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் கருணைதான் இருந்தது. அதனால் ஓவியன் மறுக்காமல் எழுந்து, சாரத்துக் கம்பில் மாட்டியிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். முழு ஓவியத்துக்கும் அவன் முதலில் போட்ட மாதிரி அது. அதில் முகம் இருந்தது. தலை நிமிர்ந்து, கண்கள் வானத்தைப் பார்த்து, உதடு லேசாகத் திறந்து.

வயரைச் சுருட்டிக்கொண்டு வந்த மைக்செட்காரர் அந்தக் காகிதத்தின் கீழே நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நான் ஒண்ணு கேட்கலாமா? தப்பா எடுத்துக்காதீங்க. நான் உங்க ஆளு இல்லை. எனக்கு இதெல்லாம் தெரியாது."

"கேளுங்க," என்றார் பாஸ்டர்.

"காலைக் கழுவுறாரு. சரி. கண்ணு மேலே எங்கேயோ இருக்குதே. அப்படிக் கழுவினா தண்ணி அந்தப் பெரியவர் மடியில இல்ல ஊத்திக்கும்?"

பாஸ்டர் காகிதத்தை அண்ணாந்து பார்த்தார்.

"எங்க வீட்டுல எங்கப்பாவுக்குக் கால்ல புண்ணு. தினம் நான்தான் கழுவுவேன். அதான் கேட்டேன். அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்க்க முடியாது. பார்த்தா வலிக்குதுன்னு கத்துவாரு."

"யாரைப் பத்திப் பேசறோம்னு தெரிஞ்சு பேசணும்," என்றாள் அக்கா. "அவர் பிதாவை நோக்கிப் பார்க்கிறாரு. உங்கப்பா கால் புண்ணையும் இதையும் ஒண்ணாப் பேசலாமா?"

"தப்புங்கம்மா. வாய் சும்மா இருக்காது."

"சரி, சரி. ஒண்ணும் தப்பில்லை," என்று பாஸ்டர் நடுவில் வந்தார். "எல்லாருக்கும் மனசு கலங்கியிருக்கு. ஒரு நிமிஷம் எல்லாரும் ஜெபம் பண்ணிக்குவோம். தம்பி, நீங்களும் இறங்கி வாங்க."

ஓவியன் முழுதாக இறங்கவில்லை. காகிதத்தில் இருந்து கண்ணை எடுக்காமல் வந்து, சாரத்து ஏணியின் கடைசிப்படியிலேயே நின்றுவிட்டான். அவன் முகத்தில் என்னவோ நடந்துகொண்டிருந்தது. பூச்சுக்காரிக்கு அது என்னவென்று தெரியவில்லை. மீன் தூண்டிலை லேசாகத் தொட்டால் மிதப்பு ஆடுமே, அந்த மாதிரி.

பாஸ்டர் ஜெபத்தைத் தொடங்கினார்.

அவருடைய ஒரு நிமிஷம் எப்படிப்பட்டது என்று சபையில் எல்லோருக்கும் தெரியும். முதலில் காலைக்காக நன்றி சொன்னார். மழைக்காக, மழை வராததற்காக, செங்கல்லுக்காக, செங்கல் கொடுத்தவர்களுக்காக. செங்கல் கொடுத்தவர்களின் குடும்பங்களுக்குள் நுழைந்தார். அதில் ஒருவருக்கு மூட்டுவலி இருந்தது. அக்கா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'ஆமா ஆண்டவரே' போட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஆமாக்களில் பாஸ்டருக்கு இன்னும் உற்சாகம் பிறந்தது.

மேலே பூச்சுக்காரி கண்ணை மூடவில்லை. விரலை வைத்தாள். பதிந்தது. மூட்டுவலிக்காரரின் மகன் வெளிநாட்டுக்குப் போக ஏற்பாடாகிக்கொண்டிருந்தது. விரலை வைத்தாள். பதிந்த தடம் நகம் கீறின அளவுக்குத்தான் இருந்தது. இன்னும் இரண்டு மணி நேரம். மிஞ்சினால் மூன்று. பாஸ்டர் இன்னும் சுவர்வரைக்கும் வந்து சேரவில்லை. சபையின் வாலிபர்களிடம்தான் இருந்தார்.

நடுவில் நிறுத்த முடியாது. பிறந்ததில் இருந்து ஒரு ஜெபத்தையும் அவள் நடுவில் நிறுத்தியதில்லை, நிறுத்தியவர்களைப் பார்த்ததும் இல்லை. பாத்திரம் தீய்ந்தால்கூட 'ஆமென்' வந்த பிறகுதான் அடுப்பை அணைப்பார்கள். அந்த ஒரு சொல்லைத் தானே சொல்லிவிடலாமா என்று யோசித்தாள். மூச்சை இழுத்தாள்.

"ஆமென்!"

ஆலயம் அதிர்ந்தது. நிலைக்கம்பியில் மாட்டியிருந்த மைக் இன்னும் அணைக்கப்படவில்லை. அதற்கு நேராகத்தான் ஓவியன் நின்றிருந்தான்.

பாஸ்டர் 'வாலிபர்களின் எதிர்காலத்தை' என்பதில் வாய் திறந்தபடி நின்றார். அக்கா திடுக்கிட்டு, பழக்கத்தில், 'ஆமென்' என்று தானும் சொல்லிவிட்டாள். இரண்டு பேர் சொன்ன பிறகு ஜெபம் முடிந்ததாகத்தானே அர்த்தம்.

"மன்னிச்சுக்கோங்க ஐயா," என்றான் ஓவியன். மன்னிப்பும் ஒலிபெருக்கியில் போனது. "ஈரம் போயிரும்."

சாரத்து ஏணியில் இரண்டிரண்டு படியாக ஏறினான். பத்து வருஷத்தில் அவன் அப்படி ஏறி அவள் பார்த்ததில்லை. காகிதத்தைக் கம்பில் இருந்து உருவி, பார்க்காமலே கீழே விட்டான். அது பெஞ்சுகளுக்கு மேலே ஆடி ஆடி இறங்கியது.

"மாதிரி வேண்டாமா?"

"வேண்டாம். ஆணி குடு."

ஆணியால் ஈரத்தில் கீறினான். முதல் கோடு அவள் நினைத்த இடத்தில் விழவில்லை. மிகத் தாழ்வாக, தோளுக்கு மிக அருகில் விழுந்தது. நெற்றியா அது? தலை முழுக்கக் கவிழ்ந்திருந்தது. ஆனாலும் அவன் கை நீட்டிய போதெல்லாம் கேட்டதை வைத்தாள்.

"மண் சிவப்பு. இன்னும் தண்ணியா."

"இந்தாங்க."

"மண் பச்சை கொஞ்சம். நிழலுக்கு."

"இந்தாங்க."

"வேர்வையைத் துடை."

துடைத்தாள். அவன் நெற்றியைத்தான் சொன்னான் என்று எடுத்துக்கொண்டாள். அதுவாகத்தான் இருந்தது.

கீழே பாஸ்டர் உட்கார்ந்துவிட்டார். அக்கா பையில் இருந்து அவித்த முட்டையும் வாழைப்பழமும் எடுத்து, யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் மைக்செட்காரரிடம் நீட்டினாள். அவர் முட்டையை எடுத்துக்கொண்டு, ஜாடையாலேயே நன்றி சொன்னார். பன்னிரண்டு மணி வரைக்கும் யாரும் சத்தம் போடவில்லை. பிரஷ் சுவரில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. அது நல்ல சத்தம். வண்ணத்தைச் சுவர் குடிக்கிறது என்று அர்த்தம்.

பன்னிரண்டரைக்குச் சத்தம் மாறியது. அவள் காது அதற்காக முன்பே காத்திருந்தது.

"பிரஷ் இழுக்குது," என்றாள்.

"தெரியுது. அந்த இமை..."

"இழுக்குதுங்க."

"ஒரே ஒரு கோடு."

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பலமாகப் பிடிக்கவில்லை. அவன் பிரஷ்ஷைக் கீழே வைத்தான்.

அப்போதுதான் அவள் முழுதாகப் பார்த்தாள். அழகான முகம் என்று சொல்ல முடியாது. பாதி முகம்தான் தெரிந்தது: நெற்றி, வழிந்து விழுந்த முடி, மூக்கின் முதுகு, வாயின் ஓரம், கவிழ்ந்த இரண்டு இமைகள். அதில் இடது இமை கொஞ்சம் தடித்துவிட்டது. அதற்கு இனி ஒன்றும் செய்ய முடியாது. அந்த முகம் யாரையும் பார்க்கவில்லை. குதிகாலின் வெடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. வலிக்கிறதா என்று கேட்கப்போகிறவர் மாதிரி வாய் லேசாகக் குவிந்திருந்தது. காலண்டரில் இப்படி ஒன்று வராது. யாரும் வாங்க மாட்டார்கள்.

அவன் இறங்கி வந்தபோது பாஸ்டர் எழுந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, முகம் சரியாத் தெரியலையே. நெத்திதான் தெரியுது."

"ஆமாங்க ஐயா."

"ஞாயித்துக்கிழமை ஜனங்க கேட்பாங்களே. ஆண்டவர் நம்மளைப் பார்க்கலையேன்னு. என்ன சொல்ல?"

ஓவியன் கையில் இருந்த வண்ணத்தைப் பேன்ட்டில் துடைத்தான். யோசித்தான் என்று சொல்ல முடியாது. களைப்பில் வந்தது.

"வேலையில இருக்காருன்னு சொல்லுங்க ஐயா."

பாஸ்டர் அவனைப் பார்த்தார். மறுபடியும் சுவரைப் பார்த்தார். தோளில் இருந்த பழைய தழும்பை அவர் கை தானாகத் தடவிக்கொண்டது. பிறகு போனை எடுத்து, ஃபிளெக்ஸ் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வெளியே போனார். அக்கா சுவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குப் பிடித்ததா இல்லையா என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. தம்பியின் கன்னத்தில் இருந்த சிவப்பை முக்காட்டு நுனியால் துடைத்து, "சாப்பிடவே இல்லையேடா நீ," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். மைக்செட்காரர் தன் ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். வாசலில் திரும்பி நின்று, "இப்ப தண்ணி சிந்தாது," என்றார்.

உள்ளே இரண்டு பேர் மட்டும். ஓவியன் சாரத்து ஏணிக்கு எதிரே நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தான். கை பிரஷ்ஷைத் தேடியது.

"அந்த இமை கொஞ்சம் கனமாயிருச்சு. பார்த்தியா?"

"பார்த்தேன்."

"ஓரத்துல லேசா ஒரு வெள்ளை வச்சா..."

"சுண்ணாம்பு மூடிக்கிச்சுங்க. இனிமே நீங்க என்ன வச்சாலும் மேலேதான் நிக்கும். உள்ளே போகாது. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும்." தெரிந்தும் ஏணியின் முதல் படியில் காலை வைத்தான்.

அவள் அவன் சட்டையைப் பின்னால் இருந்து பிடித்து இழுத்தாள். கல்யாணமான புதிதில் கடைத்தெருவில் அவன் பலகைகளைப் பார்த்து நின்றுவிடும்போதும் அப்படித்தான் இழுப்பாள். தோளைப் பிடித்துத் திருப்பி, பெஞ்சு வரிசைகளுக்கு நடுவில் வாசல்வரைக்கும் தள்ளிக்கொண்டே போனாள். அவன் தள்ளுகிற திசைக்கு நடந்தான். தலை மட்டும் திரும்பித் திரும்பி வந்தது.

"நீ வரலையா?"

"நான் ஓரத்தைச் சீவணும், அந்தச் சில்லை ஒட்டணும், சாக்கை நனைக்கணும். நீங்க இருந்தா ஒரு வேலையும் ஓடாது."

"நான் எங்கே போக?"

"சாப்பிடுங்க. தூங்குங்க. இப்ப எவ்வளவு நேரம் வேணாலும் முழங்கால்ல நில்லுங்க, யாரும் கேட்க மாட்டாங்க." அவன் காலரில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டாள். "நல்லா இருக்குங்க. போங்க."

அவன் படியில் இறங்கினான். ஒரு படி இறங்கித் திரும்பி, ஏதோ சொல்ல வாயெடுத்தான். இமையைப் பற்றித்தான் இருக்கும். அவள் கதவைச் சாத்தி, சாவியை உள்ளே இருந்து இரண்டு சுற்றுச் சுற்றினாள்.